தூக்குக்குண்டு உணர்த்திய உண்மை: நிலப்பாளங்களின் இயக்கமும் இமயமலையும்

சுவர் எழுப்பும் கொத்தனார், சுவர் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அறிகிறார். நூல் செங்குத்தாகவே தொங்கும் என்பதில் அவருக்கு ஐயம் எழுவதில்லை. ஆயினும், பெரியதொரு மலையின் அருகே அந்நூல் மிக நுண்ணிய அளவில் மலையின் பக்கம் சாயும். பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்ப்பதே இதன் காரணம். இச்சிறு சாய்வைப் பற்றிக் கல்கத்தா நகரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி, பூமியின் மேலோடு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிய வழிகாட்டிற்று.

கணக்கில் தோன்றிய வேறுபாடு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியா முழுவதையும் முக்கோண முறையில் அளக்கும் பெரும்பணி நடைபெற்றது. மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும், இமயத்தை நோக்கிய வட சமவெளியிலுள்ள கலியானாவிற்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 600 கிலோமீட்டர். இவ்விரண்டு இடங்களின் அட்சரேகை வேறுபாட்டை நில அளவையாலும், விண்மீன்களை நோக்கியும் கணக்கிட்டனர். இரு விடைகளும் ஒத்துவரவில்லை; 5.236 விகலை வேறுபட்டன. ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கே ஒரு விகலை. எனினும், தரையில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 160 மீட்டர் ஆகும். கவனத்துடன் நிகழ்ந்த அளவையில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

அக்காலத்தில் கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் என்னும் திருச்சபைப் பதவியில் இருந்த ஜான் ஹென்றி பிராட், கேம்பிரிட்ஜில் பயின்ற கணித வல்லுநர். இமயத்தின் ஈர்ப்பினால் நூல் எவ்வளவு சாய வேண்டும் என்று அவர் கணித்தார். 1855இல் வெளியான அவருடைய விடை வியப்பளித்தது. கணக்கின்படி 15.885 விகலை வேறுபாடு இருத்தல் வேண்டும். உண்மையில் காணப்பட்டதோ அதில் மூன்றில் ஒரு பங்கே. கண்ணுக்குத் தெரியும் மலையின் ஈர்ப்பில் பெரும்பகுதியை, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஈடுசெய்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் வானியலறிஞர் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். மலைகளின் அடியில், அடர்த்தி குறைந்த பாறை வேர்போல் ஆழ்ந்து இறங்கியிருக்கிறது. அடர்த்தி மிகுந்த கீழ்ப்பொருளின்மேல் அது மிதக்கிறது என்றார். பிராட் பின்னர் வேறொரு விளக்கம் கூறினார். எனினும், இமயத்தைப் பொறுத்தவரை ஏரியின் கருத்தே உண்மைக்கு அருகில் உள்ளது. கண்டங்களின் மேலோடு பொதுவாக 35 கிலோமீட்டர் அளவு தடித்தது. இமயத்திற்கு அப்பால் திபெத்தின் அடியில் அது ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

வேர் எங்கிருந்து வந்தது?

இவ்வினாவிற்கு விடை காண ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1851இல் கல்கத்தாவில் பணியைத் தொடங்கிய இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையினர் அதற்குரிய சான்றுகள் பலவற்றைத் திரட்டினர். 1856இல் ஒரிஸாவின் தால்சேரில், பனிப்பாறைகள் சுமந்துவந்து குவித்த கற்படிவுகளைக் கண்டனர். இன்று வெயில் கொளுத்தும் அவ்விடம், ஒரு காலத்தில் பனி மூடிக் கிடந்தது. ராணிகஞ்சு நிலக்கரிப் படுகைகளில் காணப்படும் குளோஸாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் எச்சங்கள், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகிய பகுதிகளிலும் கிடைக்கின்றன. இவை யாவும் முன்பு ஒரே நிலப்பரப்பாக இருந்தன. மத்திய இந்தியாவின் கோண்டுவானா நாட்டுப் பெயரே அப்பெருநிலத்திற்கு வழங்கலாயிற்று.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் வேகனர் 1912இல் கூறியபோது பலர் ஏற்கவில்லை. 1960ஆம் ஆண்டுகளில் கடல்தரை ஆராய்ச்சிகள் இதனை நிலைநாட்டின. பூமியின் மேற்புறம் ஏழு பெரும் பாளங்களாகவும், பல சிறு பாளங்களாகவும் பிளவுபட்டுள்ளது. பாளத்தின் தடிமன் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அடியிலுள்ள சூடான பாறை திடப்பொருளே எனினும், நெடுங்காலத்தில் மெல்ல இழைந்து நகரும் இயல்புடையது. நடுக்கடல் முகடுகளில் புதிய தரை உண்டாகிறது; ஆழ்கடல் அகழிகளில், குளிர்ந்து கனத்த பழந்தரை கீழே அமிழ்ந்து, தன்னோடு இணைந்த பாளத்தையும் இழுக்கிறது. பாளங்கள் நகர்வதற்கு இவ்விழுப்பு முதன்மையான காரணமாகும்.

தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த இந்தியப் பாளம், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதிற்று. இரண்டு கண்டங்களும் இலேசான பாறைகளால் ஆனவை. ஆதலின் ஒன்று மற்றொன்றின் அடியில் எளிதில் அமிழவில்லை. மேலோடு மடிந்து, அடுக்குண்டு தடித்தது. மேலே எழுந்தது இமயம். கீழே இறங்கியது வேர். பிராட்டின் கணக்கிலிருந்த புதிர் இவ்வாறு விடுபட்டது.

இயக்கம் இன்னும் நிற்கவில்லை

இந்தியப் பாளம் இன்றும் ஆண்டிற்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்கிறது. அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இமயப் பகுதியிலேயே அடங்குகிறது. நூறு ஆண்டுகளில் இது 2 மீட்டர். பாறைகள் பிணைந்து நிற்கும் இடங்களில் இந்நகர்வு இறுக்கமாகச் சேர்ந்து, ஒருநாள் திடீரென விடுபடுகிறது, அதுவே பூகம்பம். 1934இல் பீகாரையும் நேபாளத்தையும், 1950இல் அஸ்ஸாமையும் பெரும் பூகம்பங்கள் அழித்தன. பாளம் ஆசியாவின் அடியில் அமிழும் சுமத்ராப் பகுதியில் 2004 டிசம்பர் 26இல் நேர்ந்த அதிர்ச்சியே, தமிழகக் கடற்கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலையை எழுப்பிற்று.

1897 ஜூன் 12இல் ஷில்லாங் நகரைத் தரைமட்டமாக்கிய பூகம்பம், தொலைவிலுள்ள கல்கத்தாவிலும் கட்டடங்களைச் சேதப்படுத்திற்று. கொல்கத்தா நகரம் கெட்டியான பாறைமேல் அமைந்ததன்று; ஆறுகள் கொணர்ந்த மண் அங்கே பல கிலோமீட்டர் ஆழத்திற்குப் படிந்துள்ளது. மென்மையான மேற்படிவுகள் அதிர்ச்சியைப் பெருக்க வல்லவை. ஆகவே, பூகம்பம் தோன்றும் இடத்திலிருந்து விலகியிருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. கட்டடத்தின் அடிமண்ணையும் ஆராய்ந்தே அஸ்திவாரம் இடுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

ஒரே மரத்தாலான, அகன்ற பலகைத் துண்டுகள் சிலவற்றை வெவ்வேறு தடிமனில் அறுத்து, நீர்த்தொட்டியில் மிதக்கவிடுக. தடித்த துண்டு அதிகம் மேலெழுந்தும், அதிகம் ஆழ்ந்தும் நிற்பதை மாணவர் காண்பர். இரு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மிதக்கவிட்டு, மேற்பலகையை எடுத்துவிட்டால் கீழ்ப்பலகை உயரும். ஆறுகள் மலையை அரிக்குந்தோறும் அடிநிலம் எழுவதும் இவ்வாறே. பூமியின் அடியில் இருப்பது நீர்போன்ற திரவமன்று என்பதையும் மாணவர்க்குத் தவறாது எடுத்துரைத்தல் வேண்டும்.

களப்பணியாளர்கள் நில அதிர்ச்சி உணரப்பட்டவுடன் நேரம், நீடித்த கால அளவு, தாம் இருந்த மாடி, அடிமண்ணின் தன்மை, சுவர்களில் கண்ட வெடிப்புகள், கிணற்று நீரில் கண்ட மாறுதல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் நலம். 1897 பூகம்பத்தைப் பற்றிக் கல்கத்தாவில் பணியாற்றிய ஆர். டி. ஓல்டாம் இத்தகைய குறிப்புகளைப் பல ஊர்களிலிருந்தும் தொகுத்தார். தொலைவிலுள்ள கருவிகளின் பதிவுகளையும் ஆராய்ந்து, பூகம்ப அலைகளின் வகைகளைப் பிரித்தறிந்தார். 1906இல் பூமிக்கு ஓர் உட்கரு உண்டெனவும் காட்டினார். ஆதலின், பிழையின்றி எழுதப்பட்ட சிறு குறிப்பையும் எளிதாக எண்ணலாகாது.