விமானி இருக்கையில் கணினி

கேள்வி: கணினியே ஓட்டும் போர் விமானத்தைச் சோதித்துவிட்டார்களாமே? அது தப்புச் செய்தால் யார் தடுப்பது?
- வாசகி ஒருவர், கரூர்

பதில்: உண்மைதான். எஃப்-16 விமானத்தை மாற்றியமைத்து உருவாக்கிய எக்ஸ்-62ஏ விஸ்டாவை, 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் செயற்கை நுண்ணறிவு ஓட்டியது. 2023 செப்டம்பரில் மனிதர் ஓட்டிய எஃப்-16-ஐ எதிர்த்து வான்சண்டை ஒத்திகையும் நடத்தியது. ஒரு கட்டத்தில் இரண்டும் 2,000 அடி நெருக்கத்தில் பறந்தன.

தடுக்க மூன்று வேலிகள் இருந்தன. இவ்வளவு உயரத்துக்குக் கீழே இறங்காதே, எதிர் விமானத்தை இதற்குமேல் நெருங்காதே என்ற பாதுகாப்பு விதிகள் முதல் வேலி. விமானம் தாங்காத திருப்பத்தை மறுக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டாவது. எந்த நொடியிலும் பொறுப்பேற்கத் தயாராக உள்ளே அமர்ந்திருந்த விமானிகள் மூன்றாவது. இந்த வேலிகளுக்குள் நடந்த 21 சோதனைப் பறப்புகளில் மென்பொருளின் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வரிகள் திருத்தப்பட்டன.

பறப்பதைக் கணினிக்குக் கற்றுத்தரலாம். உயிரின் மதிப்பைக் கற்றுத்தர முடியாது. சுடும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும். அந்த நான்காவது வேலியைச் சட்டம்தான் போட வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.