ஆட்டம் எங்கே?
(மலைச் சைக்கிளின் மூட்டுத் தாங்கிகள் பற்றி ஓர் அனுபவக் கட்டுரை)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பஞ்சர் ஒட்டுவது, சக்கரக் கோட்டம் எடுப்பது, ஓவராயில் செய்வது ஆகிய மூன்று வேலைகளால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. என் கல்லூரிச் செலவும் அதிலிருந்தே வருகிறது. விடுமுறை நாட்களில் நானும் கடையில் ஸ்பேனர் பிடிப்பதுண்டு. சென்ற ஆண்டு அக்கடையில் நான் செய்த ஒரு தவறும், அதைத் திருத்தும்போது கற்ற பாடமுமே இக்கட்டுரை. வகுப்பில் படிக்கும் நெம்புகோலும் திருப்பு விசையும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை என் சக மாணவர்களுக்குச் சொல்லவே இதை எழுதத் துணிந்தேன்.

மலைச் சைக்கிள் என்பது

நாம் நாள்தோறும் ஓட்டும் சைக்கிளில் பிரேம் முழுவதும் ஒரே துண்டு. கரடுமுரடான மலைப்பாதைக்கென்று செய்யப்படும் சில சைக்கிள்களில் அப்படியில்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் பகுதி தனியாக இருக்கும். கடைக்காரர்கள் இதை ஸ்விங் ஆர்ம் என்பார்கள். நான் பின்கவை என்று சொல்கிறேன். பெடல் அச்சுக்குச் சற்று மேலே இப்பின்கவை பிரேமுடன் ஒரு மூட்டில் இணைகிறது. கல்லில் ஏறும்போது சக்கரம் மேலெழும்ப, பின்கவை அம்மூட்டைச் சுற்றி அசைய, ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நம் முழங்கால் மடங்கி நிமிர்வது போன்ற அமைப்பு இது. அம்மூட்டினுள் இடமும் வலமுமாக இரண்டு பந்துத் தாங்கிகள் உள்ளன. பட்டறைத் தமிழில் பேரிங்.

மலைச் சைக்கிள் பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் என்னும் பகுதியில். அங்கே 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மண்பாதை வழியே மலையிறங்கும் பந்தயம் நடத்தினார்கள். சுமார் 400 மீட்டர் செங்குத்து இறக்கம் அது. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் அச்சைக்கிள்களில் இருந்தது. இறங்கி முடிப்பதற்குள் அந்தப் பிரேக் கொதித்து, உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஆகவே அப்பந்தயத்திற்கு 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைத்தல்' என்றே பெயர் வந்தது. மலைச் சைக்கிளின் வரலாறே கிரீஸ் வற்றிய கதையிலிருந்துதான் தொடங்குகிறது எனலாம்.

நான் செய்த தவறு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் மலைச்சாலைகள் பிரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்து சைக்கிளில் வருவோர் பலர். ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அப்பா ஒரு திருமணத்திற்காக அன்னூர் போயிருந்தார். காலை ஏழு மணிக்கு ஓர் இளைஞர் வந்தார்.

"பின் வீல் ஆடுதுங்க. அண்ணா இல்லீங்களா?" என்றார்.

"அப்பா வர மத்தியானம் ஆகுமுங்க. நான் பாக்கறேன்" என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். அத்தயக்கமே என்னை அவசரப்படுத்தியது. சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினேன், ஆடியது. கண்ணில் பட்ட பெரிய போல்ட் மூட்டுப் போல்ட். நீளக் கைப்பிடி கொண்ட ஆலன் கீயை மாட்டி, இரு கைகளாலும் இழுத்து இறுக்கினேன். ஆட்டம் நின்றது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன். அவர் கோத்தகிரிச் சாலையில் ஏறிப் போனார்.

மாலை நான்கு மணிக்கு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். முழங்கை சிராய்த்து இரத்தம் காய்ந்திருந்தது. இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் திடீரென்று துவண்டு, மலைச்சுவரில் உரசி நின்றதாகச் சொன்னார். மூட்டுப் போல்ட்டின் மரை கழன்று, போல்ட் பாதி வெளியே வந்திருந்தது. சாலையின் ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளத்தாக்கு. அவர் மலைச்சுவர்ப் பக்கம் சாய்ந்தது அவருடைய நல்லூழ், என் திறமையன்று.

அதற்குள் அப்பா வந்திருந்தார். முதலில் அவர் கையைக் கழுவி மருந்து போட்டார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மணி, ஆட்டம் எங்கன்னு பாத்தியா, கையில சிக்குனதை இறுக்குனியா?"

நான் பதில் சொல்லவில்லை. அப்பா நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, "சைக்கிளை விட்டுட்டுப் போங்க தம்பி. சரி பண்ணித் தாரோம், காசு வேண்டாம்" என்றார்.

சிறிய ஆட்டம் பெரிதாவது எப்படி?

நிற்க. அப்பா கேட்ட கேள்வியை இயற்பியல் வழியே பார்ப்போம்.

அந்த மூட்டில் இரு பேரிங்குகளுக்கும் இடையே 50 மில்லிமீட்டர். மூட்டிலிருந்து பின் சக்கர அச்சு வரை 430 மில்லிமீட்டர். ஒவ்வொரு பேரிங்கிலும் அச்சுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பதாகக் கொள்வோம். தலைமயிரின் தடிமன் அளவுதான் அது. ஒரு முனை முன்னே போகும்போது மறு முனை பின்னே போகலாமாதலால், இரண்டும் சேர்ந்து 0.2 மில்லிமீட்டர் கோணல் உண்டாகும். 430ஐ 50ஆல் வகுத்தால் 8.6. ஆகவே சக்கர அச்சில் 0.2 × 8.6, அதாவது சுமார் 1.7 மில்லிமீட்டர் ஆட்டம். டயரின் பின்னோரம் இன்னும் தள்ளியிருப்பதால் அங்கே சுமார் 3 மில்லிமீட்டர். மூட்டில் கண்ணுக்குத் தெரியாதது டயரில் கைக்குத் தெரிகிறது. இதனால்தான் நோய் ஓரிடத்திலும் வலி வேறிடத்திலுமாக இருக்கிறது.

அடுத்து, நான் இறுக்கிய இறுக்கு. போல்ட்டின் தலையிலேயே 15 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. கைப்பிடி 30 சென்டிமீட்டர். அதன் முனையில் 50 நியூட்டன் விசையே போதும். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கும் விசை அது. நானோ இரு கைகளாலும் குறைந்தது 200 நியூட்டன் கொடுத்திருப்பேன். அப்படியானால் 60 நியூட்டன் மீட்டர், வேண்டியதைப் போல நான்கு மடங்கு. அலுமினிய மரை அதைத் தாங்குமா?

மரை கழன்றது மட்டுமன்று. அந்த மூட்டில் இரு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே தடுப்புக் குழாய் கிடையாது. அளவு மீறி இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்படுகின்றன. பந்துகள் பள்ளத்தின் நடுவே ஓடாமல் ஓரத்தில் ஏறி நெரிபடுகின்றன. ஆட்டம் நின்றதுபோல் தோன்றியது தேய்மானம் நீங்கியதால் அன்று; பந்துகள் சிக்கிக்கொண்டதால்.

மூட்டுப் பேரிங் ஏன் கெடுகிறது?

பந்துத் தாங்கிக்கும் சைக்கிளுக்கும் உறவு பழையது. வண்டி அச்சுக்கான பந்துத் தாங்கிக்கு 1794இல் வேல்ஸ் நாட்டின் பிலிப் வான் காப்புரிமை பெற்றார். 1869இல் பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். உருளும் பந்தின் உராய்வு வழுக்கும் பரப்பின் உராய்வைவிட மிகக் குறைவு என்பதே இதன் தத்துவம்.

ஆனால் பந்து உருண்டால்தானே நன்மை? சைக்கிள் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுழல்கிறது. பந்துகள் கிரீசை அள்ளி அள்ளிப் பள்ளம் முழுதும் பூசிக்கொண்டே ஓடுகின்றன. பின்கவை மூட்டோ தன் வாழ்நாளில் ஒரு முழுச் சுற்றும் சுற்றுவதில்லை. சில பாகை முன்னும் சில பாகை பின்னும் அசைவதோடு சரி. ஒவ்வொரு பந்தும் நின்ற இடத்திலேயே நின்று, கிரீசை ஒதுக்கிவிட்டு, அதே இடத்தில் அடி வாங்குகிறது. நாளடைவில் பள்ளத்தில் சிறு குழிகள் விழுகின்றன.

உலோகத்தின் கடினத்தன்மையை அளக்க, கெட்டியான பந்தை அதில் அழுத்திக் குழியை அளக்கும் முறையை 1900இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் வெளியிட்டார். பேரிங்கில் பளுவால் அழுந்தி விழும் குழிக்குப் 'பிரினெல் குழி' என்று பெயர். கிரீஸ் ஒதுங்கியபின் சிற்றசைவால் தேய்ந்து விழுவதற்குப் 'போலிப் பிரினெல்' என்று பெயர். முன்னதை என் இறுக்கு உண்டாக்கியது. பின்னது அதற்கு முன்பே அங்கிருந்தது.

இன்னொரு பகை தண்ணீர். வண்டி கழுவுமிடத்தில் வேகமாகப் பீய்ச்சும் குழாயை மூட்டுக்கு நேரே பிடித்தால், ரப்பர் மூடியைத் தாண்டி நீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

ஆட்டத்தைத் தேடுதல்

அப்பா இவ்வகை மூட்டை அதற்குமுன் பிரித்ததில்லை. ஆனால் தேடும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரு கையால் பிரேமைப் பிடித்து, மறு கையால் டயரைப் பக்கவாட்டில் ஆட்டுக. பின்கவை அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் குற்றம் சக்கர ஹப்பில்.

2. சக்கரமும் பின்கவையும் சேர்ந்தே ஆடினால் குற்றம் மூட்டில். பிரேமும் பின்கவையும் சந்திக்கும் விளிம்பில் விரலை வைத்து இன்னொருவரை ஆட்டச் சொல்க. கண்ணுக்குத் தெரியாத நகர்வை விரல்நுனி சொல்லிவிடும்.

3. சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குக. 'டொக்' என்று ஓசை வந்தால் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளில் உள்ள புஷ்களையும் பார்க்க வேண்டும். மூட்டுக்குப் போட வேண்டிய பழியைப் பலமுறை இவை சுமக்கும்; இவற்றின் பழியை மூட்டும் சுமக்கும்.

4. ஷாக் அப்சார்பரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, பின்கவையை மட்டும் மேலும் கீழும் அசைக்க. வெண்ணெய்போல் போனால் நன்று. கரகரத்தாலோ ஓரிடத்தில் தட்டி நின்றாலோ பேரிங் முடிந்தது.

5. இவ்வளவுக்கும் பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். குறித்த அளவுக்கு இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் மேலும் இறுக்கலாகாது, பிரிக்க வேண்டும்.

கழற்றுதலும் பொருத்துதலும்

பிரித்தபோது பேரிங்கின் ஓரத்தில் 6902 என்ற எண் இருந்தது. இவ்வெண்ணைப் படிக்க ஒரு சூத்திரம் உண்டு. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைக் குறிக்கும். 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். நம் வீட்டுக் கூரை மின்விசிறிகளில் வழக்கமாக உள்ள 6201, 6202 பேரிங்குகளுக்கும் இதே கணக்குத்தான். 6902 என்பது உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி என்று பொருள். பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில் பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை; எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள்.

அச்சைக் கல்லூரிக்கு எடுத்து வந்து, ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத் திருகு அளவியால் அளந்தேன். பேரிங் உட்காரும் இடத்தில் 15.00 இருக்க வேண்டியது 14.92 இருந்தது. முதலாண்டில் கம்பியின் தடிமன் அளந்து மதிப்பெண் வாங்கிய அதே கருவி. அன்று அளந்த 0.08 மில்லிமீட்டருக்கு ஒரு மனிதரின் முழங்கை சாட்சியாக இருந்தது. புதுப் பேரிங் மட்டும் போட்டிருந்தால் ஆட்டம் மறுபடி வந்திருக்கும். அச்சையும் மரை கழன்ற நட்டையும் அதன் தயாரிப்பாளரிடமிருந்து தருவிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. 10 மில்லிமீட்டர் மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, சில வாஷர், அளவான இரண்டு சாக்கெட், இவை போதும். கம்பியை மூட்டின் ஊடே விட்டு, இருபுறமும் நட்டுப் போட்டு மெல்லத் திருகினால் பேரிங் நேராக உள்ளே போகும். இங்கே ஒரு விதி உண்டு: எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ அந்த வளையத்தில்தான் விசை விழ வேண்டும். பிரேமுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை அழுத்துக. உள்வளையத்தை அழுத்தினால் அவ்விசை பந்துகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கிலேயே குழி விழும். பேரிங் உட்காரும் குழிக்கு 'வீடு' என்று பெயர். வீட்டை மண்ணெண்ணெயால் துடைத்து மெல்லிதாகக் கிரீஸ் தடவ வேண்டும். புதுப் பேரிங் அழுத்தமின்றிக் கையாலேயே வீட்டுக்குள் விழுந்தால், தேய்ந்தது பிரேம் என்று உரியவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் போல்ட்டின் மரையில் மட்டும் மரைப்பசை ஒரு துளி. டார்க் ரெஞ்சு எங்கள் கடையில் இல்லை. 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் மீன் தராசுக் கொக்கியை மாட்டி, ஐந்து கிலோ காட்டும் வரை செங்கோணத்தில் இழுத்தோம். அப்பா தராசைப் படித்தார், நான் இழுத்தேன்.

முடிவுரை

அந்த இளைஞர் வந்து ஓட்டிப் பார்த்தார். அன்று அவரை மலையேற விடாமல், அப்பா தாமே ஊருக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடியும் மூட்டில் விரல் வைத்துப் பார்த்த பின்னரே சைக்கிளைக் கொடுத்தார். இப்போதும் அவர் மாதம் ஒருமுறை கோத்தகிரிக்குப் போகும் வழியில் எங்கள் கடையில் நிற்கிறார். "அம்மணி, ஒருக்கா பாத்துருங்க" என்று என்னிடமே சைக்கிளைக் கொடுக்கிறார். நான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் விரலை வைக்கிறேன்.

சூத்திரங்கள் எனக்குத் தெரிந்திருந்தன; பார்க்கும் பொறுமை அப்பாவிடம் இருந்தது. இரண்டும் ஒரே மேசையில் சேர்ந்த அந்த இரண்டு வாரத்தில் கற்றதை நான் எந்தத் தேர்வுக்கும் படித்ததில்லை. பட்டறை உள்ள வீடுகளிலிருந்து வரும் தோழர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டுத் தொழிலையும் ஆய்வக ஏட்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.