பிள்ளைக்குப் பிள்ளை சுபாவம் வேறு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவன் புது ஆளைக் கண்டால் உன் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறான், ஜூனில் எல்.கே.ஜி.க்கு எப்படிப் போவானோ, நான்தான் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுத்துவிட்டேனோ என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி எண்ணத்தை முதலில் விடு. மூத்தவளை வளர்த்ததும் அதே கைதானே? அவள் யார் கூப்பிட்டாலும் போய் மடியில் உட்கார்ந்தாளே!

பிள்ளை எப்படி நடந்தாலும் தாயின் வளர்ப்பே காரணம் என்று ஒரு காலத்தில் அமெரிக்க மருத்துவர்களே பலர் நம்பினார்கள். ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி அதை ஏற்கவில்லை. 1956இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கி, 133 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை கவனித்தார்கள். பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகின்றனவா, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது, அழுகையிலும் சிரிப்பிலும் எவ்வளவு வேகம் என்பன போன்ற ஒன்பது கூறுகளைப் பார்த்தார்கள். சில மாதக் குழந்தைகளிடமே இந்த வேறுபாடுகள் தெரிந்தன.

அவர்கள் கண்டதில் ஏறக்குறைய 40 சதவீதம் எதற்கும் எளிதில் பழகும் பிள்ளைகள். உன் மூத்தவள் அந்த வகை. 10 சதவீதம், நேரங்காலம் பிடிபடாத, எதையும் உரக்க எதிர்க்கும் அடம்பிடிப்பவர்கள். 15 சதவீதம், முதலில் ஒதுங்கி நின்று பார்த்து, மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்பவர்கள். உன் சின்னவன் இவர்களில் ஒருவன். மீதி 35 சதவீதம் எந்த வகையிலும் அடங்கவில்லை என்பதையும் மறந்துவிடாதே. வகை என்பது பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு வழி. நெற்றியில் ஒட்டிவிடும் சீட்டாக அதை ஆக்கிவிடக் கூடாது. ‘இவன் கூச்சக்காரன்’ என்று அவன் காதுபட யாரும் சொல்ல விடாதே. உன் மாமியார் சொன்னால்கூட, “பழகினால் நன்றாகப் பேசுவான் அத்தை” என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

அந்தத் தம்பதி சொன்னவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. எந்தச் சுபாவமும் தன்னளவில் குறை ஆகாது. அதற்கும் சுற்றியிருப்பவர்கள் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இல்லாதபோதுதான் தொல்லை பிறக்கிறது. சுபாவத்தை நீ மாற்ற வேண்டியதில்லை. பொருத்தத்தை உண்டாக்குவது உன் கையில் இருக்கிறது.

அவனைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டம் சேருவதற்கு முன்பே கூட்டிப் போ. வந்தவர்கள் முன்னால் பாடிக் காட்டு, ஆடிக் காட்டு என்று வற்புறுத்தாதே. அதற்காக வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதும் தவறு. ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்குப் புதியவை வேண்டும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடி மறுபடி வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளைச் சோதித்தார். புதிய ஒலிகளுக்கும் பொம்மைகளுக்கும் மிகவும் பதறிய குழந்தைகளில் பலர் வளர்ந்தபின் ஒடுங்கிப்போகவில்லை. பிறவிச் சுபாவம் தொடக்கம்தான், தலையெழுத்து அல்ல.

உன்னையும் கவனித்துக்கொள். நீ எதையும் சட்டென்று முடிக்கிறவள். அவன் செருப்பு மாட்டவே கால் மணி நேரம் எடுப்பவன். காலையில் உனக்கு வரும் கோபத்தில் பாதி, இந்த இரண்டு வேகங்களும் மோதுவதால் வருவது. அரை மணி முன்னதாக அவனை எழுப்பிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

மூத்தவளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எளிதில் பழகும் பிள்ளை தொந்தரவு தராததாலேயே வீட்டில் கவனிக்கப்படாமல் போய்விடும். கேட்காத பிள்ளைக்கும் மனதில் கேள்வி இருக்கும். தினமும் சிறிது நேரமாவது அவளோடு மட்டும் உட்கார்ந்து பேசு.

மே மாதத்திலேயே சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு நாலைந்து முறை கூட்டிப் போய் வகுப்பறை, கழிவறை, விளையாடும் இடம் எல்லாவற்றையும் காட்டு. டீச்சரைப் பார்த்து, “முதல் சில வாரம் அவசரப்படுத்த வேண்டாம், ஒதுங்கி நின்று பார்க்க விடுங்கள்” என்று சொல். முதல் வாரம் அழுவான். நீ வாசலில் தயங்கி நிற்காமல், எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா