வீழ்ந்த சந்தையும் சுரங்கப் பங்கும்

நமது சங்கத்தில் நாம் பெற்றுள்ள பங்கின் விலை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருப்பதில்லை. என்ன தொகை செலுத்தி அங்கத்தினராகச் சேர்ந்தோமோ அத்தொகையே நம் பெயரில் பதிவேட்டில் நிற்கிறது. பங்குச் சந்தையில் விலைபோகும் கம்பெனிப் பங்கின் இயல்பு வேறு. அங்கே பங்கின் விலை என்பது அன்றைய தினம் வாங்க முன்வருவோர் கொடுக்கச் சம்மதிக்கும் தொகையேயாகும். வாங்குவோர் அஞ்சி ஒதுங்கினால் நல்ல கம்பெனியின் பங்கும் இறங்கும். கெட்ட கம்பெனியின் பங்கும் இறங்கும். இரண்டையும் பிரித்தறிவதே சிறு முதலீட்டாளருக்குக் கடினமான வேலை.

இக்காலத்தில் நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் கம்பெனிப் பங்கு வாங்குவோர் பெருகி வருகின்றனர். ஆகவே, சந்தை சரியும் வேளையில் கையிலுள்ள பங்கைப்பற்றி எவ்வாறு யோசிப்பது என்பதை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

கம்பெனியின் வரலாறு

ஆஸ்திரேலியாவில் ஆக்சியானா, ஜினிபெக்ஸ் என்னும் இரு சுரங்கக் கம்பெனிகள் 2008-ஆம் ஆண்டின் நடுவில் ஒன்றாக இணைந்து 'ஓஸ் மினரல்ஸ்' என்னும் பெயர் பெற்றன. லாவோஸ் நாட்டில் செப்போன் என்னுமிடத்தில் தங்கமும் செம்பும், குவீன்ஸ்லாந்தின் செஞ்சுரி சுரங்கத்தில் துத்தநாகமும், டாஸ்மேனியாவின் ரோஸ்பெரியில் பல உலோகங்களும் இக்கம்பெனிக்குக் கிடைத்துவந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவில் பிராமினென்ட் ஹில் என்னும் பெரிய செம்புச் சுரங்கம் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவ்வேலை பெரும் பணத்தை விழுங்கியது.

2008 ஜூலையில் ஒரு டன் செம்பு ஏறக்குறைய 8,900 அமெரிக்க டாலர் விலை பெற்றது. செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் திவால் மனு கொடுத்தது. உலகெங்கும் பாங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. டிசம்பரில் செம்பின் விலை 3,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. துத்தநாகத்தின் விலையும் அவ்வாறே வீழ்ந்தது.

விற்பனை வருவாய் சுருங்கிய அதே சமயத்தில் கம்பெனி வாங்கியிருந்த கடன்களின் தவணையும் வந்து சேர்ந்தது. வழக்கமான காலமாயின் பாங்கிகள் தவணையைப் புதுப்பித்திருக்கும். இப்போது அவை தயங்கின. நவம்பர் இறுதியில், 55 சென்ட் விலையில், பங்கின் வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. பல வாரங்கள்வரை பங்குதாரர் விற்க விரும்பினாலும் விற்க வழியில்லை.

குறை எங்கே இருந்தது?

நம் விவசாய அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர். கூட்டுறவுக் கடனைக் குறுகிய காலக் கடன், மத்திய காலக் கடன், நீண்ட காலக் கடன் என்று நாம் பிரித்து வைத்திருப்பது வீணுக்கன்று. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை அறுவடையில் அடைக்கலாம். கிணறு வெட்ட வாங்கிய கடனை ஓர் அறுவடையில் அடைக்க இயலாது. கிணற்றுக்கென்று சில மாதத் தவணையில் கடன் வாங்கியவர், ஊற்றுக் காணும் முன்னரே கடன்காரரைக் காண நேரிடும். பூமிக்கடியில் நீர் இருப்பது மெய்யாயினும் அது அவருக்கு உதவாது. நீர் வருவதற்குள் நிலம் கைமாறிவிடக்கூடும்.

ஓஸ் மினரல்ஸ் கம்பெனிக்கு நேர்ந்த தொல்லையும் இதுவே. சுரங்கத்தில் செம்பு இருந்தது. தவணை நாளில் கையில் பணம் இல்லை.

மூன்று வாதங்கள்

இத்தகைய நாட்களில் சிறு பங்குதாரர் ஒருவருக்கொருவர் பேசி ஆறுதல் தேடுவது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம். அப்பேச்சில் அடிக்கடி எழும் வாதங்கள் மூன்று.

முதலாவது, "விற்காதவரையில் நஷ்டம் இல்லை" என்பது. ஒருவர் இப்பங்கில் ஆயிரத்தை, பங்கு ஒன்றுக்கு 2 டாலர் 50 சென்ட் வீதம் 2,500 டாலருக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். விலை 55 சென்ட் ஆனபோது அவர் கையிலிருந்த சொத்தின் மதிப்பு 550 டாலர். அவர் விற்றாலும் விற்காவிட்டாலும் அன்றைய மதிப்பு அதுவே. நூற்றுக்கு 78 பங்கு இறங்கிய விலை பழைய நிலையை அடைய நூற்றுக்கு 78 பங்கு ஏறினால் போதாது. ஏறக்குறைய 355 பங்கு ஏறவேண்டும். இக்கணக்கை அறியாமல் சொல்லும் ஆறுதல் வெறும் வார்த்தையாகவே முடியும்.

இரண்டாவது, "இன்னும் கொஞ்சம் வாங்கினால் சராசரி விலை குறையும்" என்பது. மேற்படி நபர் 55 சென்ட் விலையில் மற்றோர் ஆயிரம் பங்கு வாங்கினால் சராசரி விலை 1 டாலர் 52½ சென்ட் ஆகும். சராசரி குறைந்தது உண்மை. ஆயினும் ஒரே கம்பெனியில் அவர் போட்ட பணம் 2,500-லிருந்து 3,050 டாலராக உயர்ந்துவிட்டது. "முன்பு ஒரு பங்கும் வாங்கியிராவிட்டால் இன்று இக்கம்பெனியில் புதிதாகப் பணம் போடுவேனா?" என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். போடுவேன் என்று காரணத்துடன் சொல்ல முடிந்தால் வாங்கலாம். பழைய நஷ்டத்தை மறைப்பதற்காக வாங்குதல் தகாது.

மூன்றாவது, "உலோகம் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, என்றைக்காவது விலை வந்தே தீரும்" என்பது. உலோகம் காத்திருக்கும், கடன் கொடுத்தவர் காத்திரார். கம்பெனி முறிந்தால் பாங்கிகளுக்கும் மற்றக் கடன்காரருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதே பங்குதாரருக்கு உரியது. அதே ஆஸ்திரேலியாவில் போசைடன் என்னும் கம்பெனி 1969-இல் விண்டாரா என்னுமிடத்தில் நிக்கல் கண்டதாக அறிவித்தது. ஒரு டாலருக்கும் குறைவாக இருந்த அதன் பங்கு 1970 பிப்ரவரியில் 280 டாலர்வரை ஏறிப் பின் சரிந்தது. நிக்கல் மெய்யாகவே இருந்தது. எனினும் 1976-இல் அக்கம்பெனி கடன்காரர் சார்பான நிர்வாகத்தின் கீழ் சென்றது.

முடிவு என்னவாயிற்று?

2009 பிப்ரவரியில் சீனச் சர்க்காருக்குச் சொந்தமான மின்மெட்டல்ஸ் நிறுவனம், பங்கு ஒன்றுக்கு 82½ சென்ட் வீதம், மொத்தம் சுமார் 260 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் கம்பெனி முழுவதையும் வாங்க முன்வந்தது. பிராமினென்ட் ஹில் சுரங்கம், ஆயுதச் சோதனை நடைபெறும் ஊமெரா தடைப் பிரதேசத்துக்குள் இருந்தமையால், ஆஸ்திரேலிய நிதி மந்திரி வேய்ன் ஸ்வான் மார்ச்சில் இதற்கு அனுமதி மறுத்தார். பின்னர் அச்சுரங்கத்தை விலக்கி, ஏனைய சுரங்கங்களில் பெரும்பாலானவற்றை மட்டும் விற்க ஏற்பாடாயிற்று. விலையும் 138 கோடி 60 லட்சம் அமெரிக்க டாலராக உயர்த்தப்பட்டது. 2009 ஜூனில் பங்குதாரரின் பொதுக்கூட்டம் பெருவாரியான வாக்குகளால் இதனை ஏற்றது. கம்பெனி கடனை அடைத்தது; பிராமினென்ட் ஹில் ஒன்றே அதன் முக்கிய சுரங்கமாய் மிஞ்சியது.

2011-இல் பத்துப் பங்குகள் ஒரே பங்காகச் சேர்க்கப்பட்டன. 2023-இல் பி.எச்.பி. என்னும் பெருங்கம்பெனி, சிறப்பு லாபப் பங்கு உட்பட, பங்கு ஒன்றுக்கு 28 டாலர் 25 சென்ட் வீதம் கணக்கிட்டு ஓஸ் மினரல்ஸை வாங்கிக்கொண்டது. பழைய பங்கின் கணக்கில் இது 2 டாலர் 82½ சென்ட் ஆகும். ஆயிரம் பங்கை 55 சென்டில் வாங்கியவருக்கு, 550 டாலர் 2,825 டாலராயிற்று. 2 டாலர் 50 சென்டில் வாங்கியவருக்கு, இடையில் பெற்ற தொகைகள் நீங்கலாக, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 325 டாலரே அதிகம்.

இதைக் கண்டு, "காத்திருந்தவர் வென்றார், ஆகையால் எப்போதும் காத்திருப்பதே நன்று" என்று முடிவு கட்டலாகாது. போசைடன் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவரும் காத்திருந்தவரே. ஓஸ் மினரல்ஸ் பிழைத்ததற்கு, கடனை அடைக்கும் அளவுக்கு மதிப்புள்ள சுரங்கங்கள் விற்பதற்கு இருந்ததும், வாங்குவதற்கு ஒருவர் முன்வந்ததும் காரணம். இவற்றில் இரண்டாவது, பங்குதாரர் எவர் கையிலும் இருந்ததன்று.

நாம் செய்யவேண்டியது

பங்கு வாங்குமுன் கம்பெனியின் வருஷாந்தர அறிக்கையில் மூன்று விவரங்களைப் பார்த்தல் நலம். மொத்தக் கடன் எவ்வளவு? அதில் ஓராண்டுக்குள் கொடுக்கவேண்டியது எவ்வளவு? கையிருப்புப் பணம் எவ்வளவு? சுரங்கக் கம்பெனியாயின், ஒரு டன் உலோகம் எடுக்க ஆகும் செலவையும் அறியவேண்டும். விலை பாதியாகக் குறைந்தாலும் செலவு போக மிஞ்சுமா என்று அப்போது கணக்கிடலாம்.

நம் பணம் எத்தகைய பணம் என்பதும் முக்கியம். வரும் தை மாதத்துக் கல்யாணச் செலவுக்கு வைத்த பணமும், அடுத்த பாவுக்கு நூல் வாங்க வைத்த பணமும் பதினைந்து ஆண்டு காத்திருக்கக்கூடிய பணம் அல்ல. அத்தகைய பணம் சந்தைக்குப் போகலாகாது. கடன் வாங்கிப் பங்கு வாங்குவோர் கம்பெனியின் கடனோடு தம் கடனையும் சேர்த்துச் சுமப்பவராவர்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்கக் கேள்விகள்

1. நீண்ட கால வேலைக்குக் குறுகிய காலக் கடன் வாங்குவதால் விளையும் கேடு யாது? நமது ஊரில் கண்ட உதாரணம் கூறுக.

2. 400 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 100 ரூபாயாக இறங்கினால், பழைய விலையை அடைய நூற்றுக்கு எத்தனை பங்கு ஏறவேண்டும்?

3. வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்ட பங்கில் குடும்பத்தின் அவசரப் பணம் முடங்கினால், அக்குடும்பத்துக்கு என்ன வழி உண்டு?