கூட்டத்திற்குச் சென்றால் போதுமா?

பொறியியல் பயிலும் நண்பர்களே! கருத்தரங்குகளால் நமக்கு ஆவது என்ன? சான்றிதழும் நண்பகல் உணவும் என்பார் உளர். இயற்பியல் மாணவனாகிய நானும் அவ்வாறே எண்ணியவன்தான்.

சென்ற ஆண்டு, சித்தூரில் பொறியியல் மாணவர்க்கென நடந்த ஒரு கருத்தரங்கிற்குத் திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பேருந்தில் சென்றேன். பேசியவர் என் ஆய்வுப் பொருளான மென்படலங்களைப் பற்றியே பேசினார். படலத்தின் தடிமனை அளக்கும் முறையில் எனக்கோர் ஐயம். தஞ்சையிலிருந்து வந்தவனாகிய என் தெலுங்கு பிழைபடுமோ, ஆங்கிலம் நகைப்புக்கு இடமாகுமோ என்றஞ்சி வாய் திறவாதிருந்தேன். அந்த ஐயம் தீர மூன்று திங்கள் ஆயின!

இத்தகைய இழப்பைத் தவிர்க்கவே அறிஞர் கூடுகின்றனர். சென்னை மாநிலக் கல்லூரி வேதியியலார் சைமன்சனும் இலக்னோ மக்மாகனும், நாடெங்கும் தனித்தனியே ஆய்வோர் ஆண்டுதோறும் கூடவேண்டும் என்று விரும்பினர். 1914இல் கல்கத்தாவில் முதல் இந்திய அறிவியல் மாநாடு கூடியது. வந்தோர் 105 பேர், கட்டுரைகள் 35. அதன் 104ஆம் மாநாடு 2017 சனவரியில் திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. இன்று கல்லூரிகளில் ஐ.இ.இ.இ. மாணவர் கிளைகள் நடத்தும் கூட்டங்களுக்கும் நோக்கம் அதுவே.

எனவே மூன்று செய்க. செல்லுமுன் பேசுவோரின் கட்டுரை ஒன்றைப் படித்து, ஒரு வினாவை எழுதிக்கொள்க. அவையில் கேட்க இயலாவிடில் தேநீர் வேளையில் கேட்க. ஒரு வாரத்திற்குள் கடிதம் எழுதுக. முதற் கடிதத்திலேயே வேலை கேட்க வேண்டா.

சென்ற திங்கள் வேறொரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். சொல் தடுமாறியது; விடை கிடைத்தது. எவரும் நகைக்கவில்லை.