இணைப்பில் பிறக்கும் வெப்பம்

மதுரை நகரின் மேற்கே காளவாசல் என்னும் பகுதி உள்ளது. காளவாசல் என்பது செங்கற் சூளைக்கு அவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர். சூளையின் வெப்பம் அருகே செல்வோரை எச்சரிக்கும். மின்னிணைப்பில் எழும் வெப்பமோ மூடிக்குள் ஒளிந்து வளரும்.

மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அஃது ஓட்டத்தின் வர்க்கத்திற்கும் தடைக்கும் ஏற்ப மிகும் என்பதை ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-இல் வெளியிட்டார். திருகு தளர்ந்த இணைப்பொன்றின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கே எனக் கொள்வோம். அதன் வழியே 15 ஆம்பியர் பாய்ந்தால் அச்சிறு இடத்தில் 22.5 வாட் வெப்பம் எழும். ஈயப்பற்று வைக்கும் சிறு சூட்டுக்கோலின் திறன் ஏறத்தாழ அவ்வளவே. ஓட்டத்தின் அளவு மிகாமையால் பியூஸ் கம்பி அறுவதில்லை. வீட்டார் அதனை நம்பியிருக்க, பிளக்கு கருகும்.

கரையில் கட்டுண்டு, கரையிலிருந்தே மின்சாரம் பெறும் படகுகளில் இக்கேடு விரைந்து வரும். அலையசைவு இணைப்பைத் தளர்த்தும். உப்புக்காற்று பித்தளை முனைகளை அரிக்கும். எனினும் தூத்துக்குடிப் படகுக்கும் காளவாசல் வீட்டுக்கும் சோதனை ஒன்றே. கருவிகள் அரைமணி நேரம் ஓடியபின் மெயின் சுவிட்சை நிறுத்தி, பிளக்கின் மேலுறையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கை பொறாத சூடு, கருகல் நாற்றம், நிறம் மாறிய முனை, இளகிய உறை ஆகியவற்றுள் ஒன்று காணினும் மின்பணியாளரை அழைத்தல் முறை.

தளர்ந்த துளையில் காகிதம் திணித்து இறுக்குவோரும் உளர். அது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வதேயாம்! சூடுபட்ட பித்தளைப் பட்டை பிடிப்பை இழந்துவிடும். எனவே பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுவர். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும்.