காலம் கடந்த பணிவு

அதிகாரத்தில் இருப்பவனுக்குத் தன் அகந்தை அகந்தையாகத் தோன்றுவதில்லை, கடமையாகவே தோன்றுகிறது. கி.மு. 441-ஐ ஒட்டி ஏதென்ஸில் அரங்கேறியதாகக் கருதப்படும் சோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’ என்னும் துன்பியல் நாடகம் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

தீப்ஸ் நகரின் அரியணைக்காகச் சகோதரர் இருவர் போரிட்டு, ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். அரசுரிமை அவர்களுடைய தாய்மாமனான கிரியோனை அடைகிறது. நகரைக் காத்த எட்டியோகிளிஸை முறைப்படி அடக்கம் செய்கிறான். அயலார் படையுடன் வந்த பாலினைசிஸின் உடலோ நாய்களுக்கும் பறவைகளுக்கும் இரையாக வேண்டும்; அதை அடக்கம் செய்பவருக்கு மரண தண்டனை. இதுவே அவனது ஆணை. உறவைவிட நாடு பெரிது என்பது அவன் கூறும் நியாயம். நல்ல ஆலோசனையைப் பின்பற்றாத ஆட்சியாளன் இழிந்தவன் என்றும் தன் முதல் உரையிலேயே கூறுகிறான்.

ஆனால் ஆலோசனை வந்தபோது நடந்தது என்ன?

இறந்தவனின் சகோதரி ஆன்டிகனி ஆணையை மீறி, உடல்மீது மண் தூவுகிறாள். அவளை உயிருடன் குகையில் அடைக்குமாறு கிரியோன் தீர்ப்பளிக்கிறான். அவளை மணக்கவிருந்தவன் கிரியோனின் மகன் ஹேமன். நகர மக்கள் அவளுக்காக வருந்துவதையும், அச்சத்தால் அதை மன்னனிடம் கூறாதிருப்பதையும் அவன் எடுத்துரைக்கிறான். இந்த வயதில் ஓர் இளைஞனிடம் பாடம் கேட்பதா என்று தந்தை சீறுகிறான். பார்வையற்ற முதிய தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்தபோதோ, அவர் பணத்துக்கு விலைபோனவர் என்கிறான். கூறப்பட்டது உண்மையா என்று அவன் ஆராயவில்லை. கூறியவரிடமே குறை தேடினான். அகந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இதுவே.

மகனின் உயிரையே விலையாகத் தர நேரும் என்று டைரீசியஸ் அறிவித்துச் சென்றபின் கிரியோன் கலங்குகிறான். முதலில் அப்பெண்ணை விடுவிக்கவும், பிறகு உடலை அடக்கம் செய்யவும் நகரப் பெரியோர் கூறுகின்றனர். ஆனால் அவன் முதலில் உடலிடம் சென்று, சடங்குகளை முடித்து, மண்மேடு எழுப்பிய பின்னரே குகைக்குச் செல்கிறான். அங்கே ஆன்டிகனி தூக்கிட்டு இறந்துகிடக்கிறாள். தந்தையின் கண்ணெதிரில் ஹேமன் தன் வாளால் உயிர்விடுகிறான். செய்தி கேட்ட அரசி யூரிடிசியும் தன்னை மாய்த்துக்கொள்கிறாள்.

கிரியோனின் அரியணை பறிபோகவில்லை. நகரமும் பகைவரிடம் வீழவில்லை. ஆயினும் அவனுக்கென்று எஞ்சியது எதுவுமில்லை. அவன் பணியாமல் இல்லை. பணிவால் பயன் விளையக்கூடிய காலம் கடந்தபின் பணிந்தான்.

குடும்பத்திலோ அலுவலகத்திலோ சிறிதளவு அதிகாரம் உடையவருக்கும் இது பொருந்தும். ஒருவர் நம் தவறைச் சுட்டும்போது, ‘இதைச் சொல்ல இவர் யார்?’ என்ற கேள்வி முதலில் எழுமானால், விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுவே.